திட்டுவதற்கு ஒரு லேப்டாப்

நாச்சிமுத்து வாத்தியார் தன் சம்பந்தியை எருமை என்று திட்டினார். சம்பந்தி கண்கலங்கி எழுந்து வந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

சும்மா எருமை என்றுகூட இல்லை. "தான் புரளுவது போதாதென்று அடுத்தவன் வீட்டு வாசலையும் சேறாக்க வந்த எருமை" என்று ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்திருந்தார். பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் மெஷின் டிராயிங் நடத்தியவர். திட்டினாலும் அளவு குறித்துத்தான் திட்டுவார். மடியிலிருந்த லேப்டாப் இனியன் அதை உரக்கச் சொன்னதும் தங்கவேல் என்கிற அந்தச் சம்பந்திக்கு மூக்குக்குமேல் கோபம் வரும், விருட்டென்று எழுந்து போவார், போகிறபோது வீட்டை விற்றுவிட்டு வில்லாவுக்கு வரச்சொல்லும் பேச்சையும் கூடவே எடுத்துக்கொண்டு போவார் என்பது வாத்தியாரின் கணக்கு. ஆனால் ஆள் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். அவர் பேசியது இனியனின் திரையில் எழுத்தாக ஓடியது.

"நான் சம்பந்தியாக வாய்த்தது உங்கள் பாக்கியம் என்று சொல்லிவிட்டீர்கள். எனக்கு இது போதும்."

எருமை எங்கே, பாக்கியம் எங்கே? வாத்தியார் திரையின் மேல்பகுதியைப் பார்த்தார். அவர் அடித்த வாக்கியம் அங்கேயே இருந்தது. எருமையும் கொம்போடு அப்படியே இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுத்தார்கள், குரல் போனது. அறுத்தபிறகு கொடுத்த மருந்து காதையும் கொண்டுபோனது, போகிற வழியில் விரல்நுனிகளை மரத்துப்போக வைத்தது. பேனா பிடித்தால் கோழி கிளறியதுபோல் வந்தது எழுத்து. பெரிய பொத்தான்களைத் தட்டத்தான் கை ஒத்துழைத்தது. ஆஸ்பத்திரியில் சிபாரிசு செய்து வாங்க வைத்த லேப்டாப்தான் இனியன். இவர் தட்டினால் அது பேசும்; மற்றவர் பேசினால் அது எழுதும். யார் எப்படிப் பேசினாலும் புத்தகத் தமிழில்தான் எழுதும், கோயமுத்தூர்க்காரன் பேச்சில் ஒரு "ங்க" கூட மிஞ்சாது. அதுவும் ஒரு மெஷின்தானே, அதற்குத் தெரிந்த லட்சணம் அவ்வளவுதான் என்று வாத்தியார் விட்டுவிட்டார்.

சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வில்லாவுக்கு வந்தார். அன்னூர் ரோட்டில் பொன்மாலை வில்லாஸ் என்று வயதானவர்களுக்காக ஒரு குடியிருப்பு. வேளாவேளைக்குச் சாப்பாடு, மாதம் ஒரு பஜனை, வாசலில் ஆம்புலன்ஸ். அதில் சம்பந்திக்குப் பங்கு உண்டு. கனடாவில் இருக்கும் வாத்தியாரின் மகன் பிரகதீஷ், "அப்பாவே சம்மதித்துவிட்டார்" என்று சொல்லி, வடவள்ளியில் இவர்கள் குடியிருக்கும் வீட்டை வாங்க ஆளும் பார்த்துவிட்டான். புதன்கிழமை கையெழுத்து.

"பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்று திரையில் ஓடியது.

அப்பா எப்போது சம்மதித்தார்? அதுதான் வாத்தியாருக்குத் தெரியவில்லை. செத்தாலும் வரமாட்டேன் என்று அவர் அடிக்காத வாரம் இல்லை.

சம்பந்தி போனதும் சமையலறைப் பக்கம் திரும்பி, "இந்த டப்பா இப்ப என்ன சொல்லித் தொலைச்சுது?" என்று மனைவியைத் தட்டிக் கேட்டார். கருணாம்பிகை முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நன்றாகப் பேசினீர்கள்" என்று பதில் வந்தது திரையில்.

இவள் ஒருத்தி. நோய்க்கு முன்னால் இவள் நாக்கு அரிவாள்மணை. நாற்பது வருஷம் இரண்டு பேரும் திட்டிக்கொண்டே குடும்பம் நடத்தியவர்கள். இதில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முகத்தைப் பார்த்துத் திட்டமாட்டாள். பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்பாள். அடுப்பைப் பார்த்து, காயைப் பார்த்து, ஏற்ற இறக்கம் இல்லாமல், வாங்கு வாங்கென்று வாங்குவாள். "ரசமா இது, பாத்திரம் கழுவுன தண்ணியா" என்று இவர் கேட்டால், "பாத்திரம் கழுவுன தண்ணி கொல்லையில வாளியில இருக்குதுங்க, ரெண்டையும் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று பதில் வரும். வாத்தியாருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

அதெல்லாம் ஆஸ்பத்திரியோடு போயிற்று. வீடு திரும்பிய அன்று ஆரத்தி எடுத்துவிட்டு, தண்ணீரை வாசலில் கொட்டத் திரும்பியபடி அவள் ஏதோ சொன்னாள். திரையில் வந்தது: "வீட்டிற்கு நல்வரவு." கட்டின பெண்டாட்டி ஓட்டல் வாசற்காவலன் மாதிரி வரவேற்கிறாள் என்று வாத்தியாருக்கு அன்றைக்கே வெறுத்துப்போனது. அதற்குப்பிறகு இவர் எவ்வளவு காரமாகத் தட்டினாலும், "உங்கள் விருப்பமே என் விருப்பம்" என்றுதான் வந்தது. ரசத்தில் உப்பே இல்லாமல் போனது. திட்டினார். "உங்களுக்குப் பிடித்ததில் மகிழ்ச்சி" என்று வந்தது. நோயாளி என்று பரிதாபப்படுகிறாள். பரிதாபப்பட்டவள் கையால் சாப்பிடுவதைவிடப் பட்டினி கிடக்கலாம் என்று அவருக்கு மனசு கசந்தது. வில்லாவுக்குப் போக அவளும் ஆசைப்படுகிறாள் என்பது அந்தக் கசப்பில் ஒரு பிடி கூடுதல்.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் காந்திபுரத்துக்குக் கிளம்பினார். ஓட்டுநர் இல்லாத ஆட்டோ, இறங்கும்போது அவருக்கு இனிய நாளை வாழ்த்தித் தன் திரையில் ஒரு பூவைக் காட்டியது. வாத்தியார் அதன் டயரை ஓர் உதை விட்டார். அதற்கும் ஒரு பூ காட்டியது.

அங்கே பழைய லேப்டாப் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தவன் சென்னியப்பன். அவரிடம் படித்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. வாத்தியார் இனியனை மேஜைமேல் வைத்ததும் அதைச் செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்து, ஒரு துணியைப் போட்டு மூடினான். பிறகு கடை லேப்டாப் ஒன்றை நடுவில் இழுத்துவைத்து, தானே தட்டினான்.

"சார், வைவாவுல என்னை மூணு தடவை பெயில் போட்டீங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

வாத்தியார் விசைப்பலகையைத் தன்பக்கம் திருப்பினார். "இருக்கு. நாலாவது தடவை பாஸ் போட்டதுதான் தப்பு."

சென்னியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூன்று வருஷத்தில் வாத்தியார் தட்டிய ஒரு வாக்கியம் போகவேண்டிய இடத்துக்கு முதல்முறையாகப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு உடம்பே கொஞ்சம் லேசானது.

"இனியன்ல நயம்னு ஒண்ணு இருக்குதுங்க சார்" என்று சென்னியப்பன் தட்டினான். "நீங்க என்ன அடிச்சாலும் சீவிச் சிங்காரிச்சுத்தான் வெளிய அனுப்பும்."

"ஆரு கேட்டா?"

"ஆரும் கேக்கலீங்க. எவனோ ஒருத்தன் பேசற மெஷினை வெச்சு மாமியாளைத் திட்டியிருக்கான். அந்தம்மா மயக்கம் போட்டு உழுந்து, கம்பெனி மேல கேசு. அதுக்கப்புறம் எல்லாக் கம்பெனிக்காரனும் நயத்தைச் சிப்புலயே வெச்சுப் பூட்டிட்டான்."

"நிறுத்த முடியாதா?"

"ஒரு பட்டன் இருக்குதுங்க. அதை அமுக்குனா 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு வரும்."

வாத்தியார் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார். "நான் மாட்டேன்னு அடிச்சா?"

"மாட்டேன்ங்கறது அதுக்குக் கோவம்ங்க. 'யோசித்துச் சொல்கிறேன்' ஆயிரும். திருப்பித் திருப்பி அடிச்சீங்கன்னா, ஆளு ரொம்ப வருத்தத்துல இருக்காரு, சண்டை வேண்டாம்னு 'சரி'ன்னு சொல்லிரும்."

ஆக, வீட்டை விற்கச் சம்மதித்தது இந்த டப்பா. எத்தனைக்கெத்தனை முறுக்கிக்கொண்டு மறுத்தாரோ அத்தனைக்கத்தனை குழைந்து தலையாட்டியிருக்கிறது. வாத்தியாருக்குக் காது மடல் சூடானது. தன் வாயில் உட்கார்ந்துகொண்டு தன் வீட்டுக்கு விலை பேசிய அந்த நல்லவனை, துணியோடு சேர்த்து ஒரு குத்துக் குத்தினார்.

"புதன்கிழமைக்குள்ள வேற லேப்டாப் வேணும். நான் அடிக்கறதை அப்படியே சொல்லணும்."

"அப்படின்னா லினக்ஸ்ங்கற சாப்ட்வேர்தானுங்க. அது ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. எவனுக்கும் சொந்தமில்லை, உள்ள என்ன கெடக்குதுன்னு ஆரு வேணும்னாலும் எட்டிப் பாத்துக்கலாம். ஆனா எந்த லேப்டாப்புல போடறதுங்கறதுதான் வினை. அதுக்கு உள்ள ஆளுங்க இருக்காங்க, வாங்க."

கடையின் பின்னறையில் கோவை லினக்ஸ் குழு கூடியிருந்தது. ஐந்து பேர். அவர்களுக்கு ஒரு விசித்திரப் பழக்கம். முழங்கால் முட்டும் தூரத்தில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, வாயைத் திறக்காமல், அவரவர் லேப்டாப்பில் தட்டியே சண்டை போடுவார்கள். சண்டை சுவரில் இருந்த பெரிய திரையில் ஓடும். சென்னியப்பன் வாத்தியாரின் தேவையைத் தட்டினான். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

நல்ல மெலிசான புது லேப்டாப்பாக வாங்கி லினக்ஸ் போடலாம் என்றான் ஒருவன். "போடலாம். ஸ்பீக்கரும் மைக்கும் அந்தப் பூட்டின சிப்பு வழியாத்தான் போகும். வெளிய லினக்ஸ், உள்ள அதே நயம். உன் மண்டை மாதிரி" என்று பக்கத்திலிருந்தவன் பதில் தட்டினான். அப்படியானால் லினக்ஸுக்கென்றே வெளிநாட்டில் ஒரு சிறு கம்பெனி செய்கிற லேப்டாப் என்றான் மூன்றாமவன். "வந்து சேர ஆறு மாசம் ஆகும். வந்தா மூடித் திறந்ததும் தூங்கிப்போயிரும், உன்னோடது மாதிரி. நீ அதுமேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் மட்டும்தான் ஒழுங்கா வேலை செய்யுது." பிறகு எந்த லினக்ஸைப் போடுவது என்று பேச்சு திரும்பியது. ஐவருக்கும் ஐந்து கட்சி. "புதுசா வர்றவருக்கு அதைக் குடுக்கறதும் பூச்சிமருந்தைக் குடுக்கறதும் ஒண்ணு." "நீ போட்டிருக்கறது லினக்ஸா, லினக்ஸுக்கு வேஷம் கட்டுன பொம்மையா?" "போன வருசம் உன் பேச்சைக் கேட்டவன் இன்னும் வைஃபை தேடிக்கிட்டிருக்கான்."

சுதந்திரம், சுதந்திரம் என்று நொடிக்கொருதரம் சொல்லிக்கொண்டு, ஒருவன் சொல்வதை இன்னொருவன் ஒப்புக்கொள்ளச் சுதந்திரமில்லாத கூட்டம். அரை மணி நேரத்தில் வாத்தியாரை மறந்தே போனார்கள். வாத்தியாரோ சுவரைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஆளுக்கு ஆள் முகத்துக்கு நேரே, பூசாமல் மெழுகாமல் சொல்லிக்கொள்கிறார்கள்! கல்யாண விருந்தைப் பார்த்த பசிக்காரன்போல உட்கார்ந்திருந்தார். அவர் கன்னத்தில் ஈரம் இறங்கியதைச் சென்னியப்பன் மட்டும் பார்த்தான்.

கடைசியில் அவன்தான் பரண்மேல் ஏறி ஒன்றை எடுத்துவந்தான். ஏதோ ஆபீசில் உழைத்துத் தேய்ந்த கறுப்பு லேப்டாப். அம்மிக்கல் கனம். மூடியில் கீறல், பொத்தான்கள் ஒவ்வொன்றும் குழிந்து, மரத்த விரலுக்கும் தட்டுப்பட்டன. நயம் பிறப்பதற்கு முந்தைய காலத்துச் சிப்பு.

"வைஃபை வராதுங்க சார்."

"உத்தமம். எவனும் உள்ள வரமாட்டான்."

"குரல் தகரத்தைத் தட்டுன மாதிரி இருக்கும்."

"என் குரலும் அப்படித்தான் இருந்துச்சு."

செவ்வாய்க்கிழமை மாலை அதை ஒப்படைத்தபோது சென்னியப்பன் கடைசியாக ஒன்று தட்டினான். "காதுக்கும் சேர்த்துப் போட்டிருக்கறன் சார். விழுகறதை அப்படியே எழுதும். புள்ளி, கமா ஒண்ணும் வராது. அதுக்கு அறிவு கெடையாதுங்க."

"அறிவில்லாதது ஒண்ணைத்தான் நானும் தேடிக்கிட்டிருந்தேன்" என்று தட்டிவிட்டு வாத்தியார் எழுந்தார். காதைப் பற்றி அவர் யோசிக்கவேயில்லை. அவர் நினைப்பெல்லாம் சம்பந்தி மேல்தான் இருந்தது. திட்டக் கிளம்புகிறவனுக்குத் தான் திட்டு வாங்குவது ஞாபகத்துக்கு வருவதில்லை.

வீட்டுக்கு வந்தால், சம்பந்தி கூடத்தில் பத்திரக் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார். கருணாம்பிகை உள்ளே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாத்தியார் அம்மிக்கல்லை மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தார். முதலில் பழைய எருமையை ஒரு சொல்லும் மாற்றாமல் அடித்தார். அதன்கீழே, "வீட்டை விக்கமாட்டேன். வில்லாவுக்கு வரமாட்டேன். அந்தப் பஜனையைக் கேக்கறதுக்கு எனக்குக் காது இல்லாமப்போனது சாமி புண்ணியம்" என்று சேர்த்தார்.

சம்பந்தியின் முகம் செங்கல் நிறத்துக்குப் போனது. ஆகா, சேர்ந்துவிட்டது! வாத்தியார் திரையைப் பார்த்தார். சம்பந்தி சொன்னது அப்படியே வந்தது, புள்ளி இல்லாமல்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி எல்லாம் உங்க நல்லதுக்குத்தானுங்க உங்குளுக்கு ஒண்ணுன்னா எனக்கு ஆருங்க இருக்கறாங்க"

இந்த ஆளுக்கு மெஷினே தேவையில்லை. நயத்தை இவருக்குப் பிறவியிலேயே பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள்.

"அம்மணி முழு சம்மதம்னு சொல்லிட்டாங்க அப்பறம் நீங்க இழுத்தா எப்படிங்க"

அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி வந்தது. சம்பந்தி வாய் அசையவில்லை.

"ஆருங்க சம்மதிச்சது"

வாத்தியார் சமையலறையைப் பார்த்தார். முதுகுதான் தெரிந்தது. கத்தி நின்றிருந்தது.

"சம்பந்தம் பண்ணுன ஒரம்பரை முன்னால பேசக்கூடாதுன்னு இத்தன நாளு வாயை மூடிக்கிட்டிருந்தேன் அவரே வரமாட்டேன்னு சொன்னப்பறம் எனக்கென்ன காகிதத்தை எடுத்துக்கிட்டு கெளம்புங்க காபி வேணும்னா குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க"

சம்பந்தி காபி குடிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொள்ளும்போதும் சிரித்த முகம் மாறாமல்தான் போனார்.

அவர் போனது வாத்தியார் கண்ணில் படவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தட்டினார். "நீ போகோணும்னு ஆசைப்படலையா?"

கத்தி மறுபடி ஓட ஆரம்பித்தது. எழுத்தும் ஓடியது.

"நானா ஆசைப்பட்டேன் உங்குளுக்கு அறிவு இருக்குதுங்களா மொத நாள்ல இருந்து கழுதையாட்டம் கத்தறேன் வேண்டாம்னு சொல்லுங்க சம்பந்திகிட்டன்னு நீங்க என்னடான்னா உன் மனம்போல் ஆகட்டும் அன்பேங்கறீங்க என்ற வயசுக்கு அன்பே ஒரு கேடு பையன்கிட்டச் சொன்னா அப்பாவே சரின்னுட்டாரு நீ ஏம்மா மல்லுக்கட்டறேங்கறான்"

"நான் அப்படிச் சொல்லலை. மெஷின் மாத்திச் சொல்லியிருக்கு. உன் விருப்பம்தான் என் விருப்பம்னு நீ சொன்னதா எனக்கு எழுதிக் காட்டுச்சு."

ஓர் அவரைக்காயை நறுக்கித் தட்டில் தள்ளிவிட்டு அவள் சொன்னது வந்தது.

"என்ற வாயிலயா அந்த வார்த்தை வரும் நாப்பது வருசம் குடும்பம் நடத்தியிருக்கறீங்களே அதுகூடவா தெரியாது"

தெரிந்திருக்க வேண்டும்தான். டிராயிங்கில் ஒரு திருகாணி தலைகீழாக இருந்தாலும் கண்டுபிடிக்கிறவர், பெண்டாட்டி வாயில் ஒட்டவைத்த சொல்லை மூன்று வருஷமாகக் கண்டுபிடிக்கவில்லை. ஊரையெல்லாம் பெயில் போட்ட வாத்தியாருக்கு அவமானத்தில் தலை கவிழ்ந்தது. அவர் வாயை மட்டும் இனியன் பூட்டவில்லை. அவள் திட்டியதையும் இந்தப் பக்கம் வரவிடாமல் வாசலிலேயே மறித்து வைத்திருந்திருக்கிறது.

"உப்பில்லாம ரசம் வெச்சேனே அதுக்காவது திட்டுவீங்கன்னு பாத்தேன் அமிர்தம்னீங்க அன்னைக்குத்தானுங்க பயந்தேன் சீக்கு குரலோட போகலை ஆளையே கொண்டுபோயிருச்சுன்னு ஆரோ ஒருத்தருக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கற மாதிரியே இருந்துச்சு"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு, ஆரத்தித் தண்ணியைக் கொட்டறப்ப நீ என்ன சொன்னே?"

தகரக்குரல் கேட்டு முடித்தது. அவள் முதுகு அசையவில்லை. அவரைக்காய் எல்லாம் நறுக்கி முடிந்திருந்தது. சும்மா கத்தியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். திரையில் எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

"நாசமாப் போனவரே என்னைய உட்டுப்போட்டுத் தனியாப் போயிரலாம்னு பாத்தீங்களா இன்னொருக்கா இந்த மாதிரி பண்ணுனீங்க நானே கொன்னுபோடுவேன்"

இதைத்தான் இனியன் "வீட்டிற்கு நல்வரவு" என்று எழுதியது.

வாத்தியார் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து கலங்கித் தெரிந்தது. பிறகு தட்டினார். மரத்த விரல் தடுமாறி, அவர் ஆயுளில் முதல்முறையாக "அட்த்தது சொல்லு" என்று விழுந்தது. திருத்தவில்லை. லேப்டாப்பும் திருத்தாமல், இருந்தபடியே படித்தது.

கருணாம்பிகை ஒரு நாற்காலியைக் கூடத்துக்கு இழுத்துவந்து, அவருக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஆரம்பித்தாள்.